ஷேடு பார்க்கத் தெரியாத டாக்டர்

புதிதாக க்ளினிக் திறக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு கேள்வி. உங்கள் அறைக்குக் கூரை என்ன நிறம்?

சிரிக்காதீர்கள். எந்தக் கம்பெனி ஸ்டெதஸ்கோப் நல்லது, போர்டில் பட்டத்தை எத்தனை அங்குலத்தில் எழுதலாம், சுழல் நாற்காலி போட்டால் பந்தாவாகத் தெரியுமா என்றெல்லாம் எனக்கு ஃபோன் போட்டுக் கேட்கிறீர்கள். கூரையைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. உங்கள் வயதில் நானும் யாரையும் கேட்கவில்லை. அதனால்தான் க்ளினிக் ஆரம்பித்த இரண்டாவது மாதமே குமாரபாளையத்தில் எனக்கு ‘மஞ்ச டாக்டர்’ என்று பெயர் விழுந்தது. காலேஜ் பட்டத்துக்கு நான் ஐந்தரை வருஷம் மல்லுக்கட்டினேன், அதில் பேத்தாலஜி மட்டும் இரண்டு தடவை. இந்தப் பட்டத்தை ஊர் ஏழே வாரத்தில் கொடுத்துவிட்டது.

நான் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. என் தலைமுடி மட்டும் விருப்ப ஓய்வில் போய்விட்டது. இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் உட்காருகிறேன். மிச்ச நாட்களில், செய்த தப்புகளை உட்கார்ந்து ரசிக்கிறேன். பெரும்பாலானவை சிரித்துவிட்டுப் போகிற ரகம். ஒன்று மட்டும் சிரிப்பைப் பாதியிலேயே நிறுத்திவிடும். அதைச் சொல்கிறேன்.

நான் சேலம் டவுன்காரன். பங்குக் கோயிலுக்குப் பின்தெரு. குமாரபாளையத்தில் எனக்குக் கிடைத்த இடம், பழைய தறிக்கூடம் ஒன்றின் முன்பாதி. பின்பாதியில் விசைத்தறி ஓடிக்கொண்டே இருக்கும். யார் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாலும் முதல் வாரம் எனக்கு ஒரே சத்தம்தான் கேட்டது. குழந்தைக்கும் கிழவருக்கும் தறித்துடிப்பு. சிமென்ட் ஷீட் கூரை. வெளிச்சத்துக்காக நடுவில் ஒரு ஃபைபர் ஷீட், அது நல்ல மஞ்சள். போதாதென்று நான்கு சுவரும் மஞ்சள். இடத்துக்காரர் சென்னியப்பன் அவரே கலர் பார்த்து அடிக்கச் சொன்னது. ஆஸ்பத்திரி மங்களகரமாக இருக்கட்டும் என்றார்.

சென்னியப்பனுக்குச் சாயப்பட்டறை. ஐம்பத்தைந்து வயது. முழங்கை வரைக்கும் அன்றைக்கு என்ன சாயமோ அந்த நிறத்தில் இருப்பார். நீலக் கையால் கும்பிடுவார், அடுத்த நாள் சிவப்புக் கையால் கும்பிடுவார். என் முதல் நோயாளியும் அவர்தான். சளிக்காக வந்தார். நான் சளியோடு விடுவேனா? கண் இமையை இழுத்துப் பார்த்தேன். மஞ்சள். காமாலை என்று அறிவித்தேன். மனிதர் வெலவெலத்துப் போய், நான் சொல்லாத பத்தியத்தை எல்லாம் அவரே சேர்த்துக்கொண்டு, உப்பில்லாத மோர்ச்சோற்றில் இறங்கிவிட்டார். லேப் ரிசல்ட் நார்மல் என்று வந்தது. லேப் தப்பு, திரும்ப எடுங்கள் என்றேன். திரும்பவும் நார்மல். அதற்குள் எட்டு நாள் மோர்ச்சோறு ஓடிவிட்டது, நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கறியும் போயிற்று. அந்தக் கறியை அவர் இன்றுவரை மறக்கவில்லை.

அடுத்து லாரி டிரைவர் ஒருவர். அடுத்து ஒரு தமிழ் வாத்தியார். அடுத்து அந்த வாத்தியாரைப் பார்க்க வந்த அவர் மைத்துனர், அவர் நோயாளியே இல்லை. எல்லோருக்கும் கண் மஞ்சள். ஊரில் பெரிய காமாலை கிளம்பியிருக்கிறது, அதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான் என்று உள்ளூரப் பூரித்துப் போயிருந்தேன். இரண்டு வாரத்துக்குப் பிறகு பக்கத்துத் தெரு லேப்காரர் நேரிலேயே வந்தார். அமைதியான மனிதர், மெதுவாகத்தான் பேசுவார். “எம்பட மெஷினுக்குத்தான் காமாலைன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துருங்க டாக்டருங்க, ரெஸ்ட் குடுத்தர்றேன்” என்றார்.

அன்று மதியம் கை கழுவும்போது சுவர்க் கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்தேன். மஞ்சள்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் எனக்கு என்னென்ன வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வாயில் கசப்பு, வலது விலாவுக்குக் கீழே வலி, தயிர்சாதத்தைப் பார்த்ததும் குமட்டல். பாடப்புத்தகத்தில் இருக்கும் வரிசையிலேயே வந்தது, ஒரு வரி கூட மாறவில்லை. சேலத்துக்கு ஃபோன் போட்டு அம்மாவிடம், பதறாதே என்று பதறிப்போய்ச் சொன்னேன். அம்மா அதைத் தெருவின் ஜெபக் குழுவான அன்பியக் கூட்டத்தில் சொல்லி, சாயங்காலத்துக்குள் பதினோரு பெண்கள் எனக்காக ஜெபமாலை சொல்லி முடித்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தியும் நேர்ந்தாயிற்று. நான் லேப்புக்கு நடந்தேன். யாருக்குங்க டெஸ்ட் என்று லேப்காரர் கேட்டார். ஒரு பேஷன்ட்டுக்கு என்று சொல்லிச் சட்டைக் கையை மடக்கினேன். அவர் ரப்பரைக் கட்டினார்.

நார்மல்.

மர்மத்தைத் துலக்கியவர் சென்னியப்பன். ஒருநாள் பையில் இரண்டு நூல்சிட்டத்தோடு வந்தார். ஒன்று சலவை போட்ட வெள்ளை. இன்னொன்று கோரா, அதாவது இன்னும் சலவையே காணாத நூல், வெள்ளை என்றும் சொல்ல முடியாது, மஞ்சள் என்றும் சொல்ல முடியாது. இரண்டையும் என் மேஜைமேல் வைத்து, எது வெள்ளை என்று கேட்டார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. என்னை வாசலுக்குக் கூட்டிப்போய் வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லி, இப்போது பாருங்கள் என்றார். ஒன்று பால், ஒன்று மோர்.

“பட்டறைக்குள்ள வெச்சு ஒருத்தனும் ஷேடு பார்க்க மாட்டானுங்க டாக்டரே. வாசலுக்கு வந்துதான் பார்ப்போம். நீங்க உள்ளயே உக்காந்து ஊருக்கே சாயம் போட்டுட்டீங்க.”

ஷீட்டை மாற்றி, சுவருக்கும் வெள்ளை அடித்துத் தருகிறேன் என்றார். இங்கேதான் நான் நிஜமான தப்பைச் செய்தேன். அதற்கு முந்தினதெல்லாம் கூத்து. படித்த டாக்டருக்குச் சாயக்காரர் கண் பார்க்கக் கற்றுத்தருவதா என்று எனக்குள் ஏதோ முறுக்கிக்கொண்டது. வேண்டாம், இப்போதுதான் காரணம் தெரிந்துவிட்டதே, இனிமேல் சுவரின் மஞ்சளைக் கழித்துவிட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அப்படியேதான் செய்தேன். யார் கண்ணைப் பார்த்தாலும் மனசுக்குள் ஒரு கை மஞ்சளை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, ‘நார்மல்’ என்று எழுதுவேன். அடுத்த இரண்டு மாதம் என் க்ளினிக்கில் ஒருவருக்கும் காமாலை இல்லை. அதிலும் எனக்குப் பூரிப்புதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சென்னியப்பன் தன் மருமகள் கோமதியைக் கூட்டிவந்தார். ராசிபுரத்துப் பெண், நெசவுக்காரக் குடும்பம். ஏழு மாதம் முடிந்து எட்டு நடக்கிறது. புருஷன் துண்டு வியாபாரமாக சோலாப்பூர் பக்கம் போயிருந்தான். கோமதியைப் பற்றி ஊருக்கே தெரியும். ஒரே சிவப்பை இரண்டு நாள் தனித்தனியாகச் சாயம் போட்டால் எது எந்த நாள் நூல் என்று பிரித்துச் சொல்கிற கண். சந்தேகம் வந்தால் சென்னியப்பனே அவளிடம்தான் கொண்டுபோய்க் காட்டுவார். நாலு நாளாக வாந்தி, சோறு இறங்கவில்லை, உடம்பு அசதி என்றாள். கண்ணைப் பார்த்தேன். மஞ்சளாகத்தான் இருந்தது. வழக்கம்போல் சுவரைக் கழித்தேன். மிச்சம் ஒன்றும் இல்லை.

வாந்திக்குத் தூக்கம் வருகிற ரக ஊசி ஒன்றைப் போட்டு, மாத்திரையும் எழுதி, மாசமாக இருக்கிறவளுக்கு வாந்தி வராமல் எனக்கா வரும் என்று ஒரு ஜோக்கும் அடித்து அனுப்பினேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பிள்ளைகளே, மூன்றாவது மாசத்து வாந்தி வேறு, எட்டாவது மாசத்து வாந்தி வேறு. இதை நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்.

சனிக்கிழமை சென்னியப்பன் பட்டறைக்குப் போகிற வழியில் எட்டிப்பார்த்தார். புள்ள தூங்கிக்கொண்டே இருக்கிறது என்றார். ஊசி அப்படித்தான் என்றேன். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். தறிக்கு நூல் தார் சுற்றும்போது பச்சைக்குப் பதிலாக நீலத்தைச் சுற்றி வைத்துவிட்டதாம், கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அப்படி ஒருநாளும் செய்ததில்லையாம். மாசமாக இருந்தால் மறதி வரும் என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. எந்தப் பதிலுக்கும் நான் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு, பூசைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் க்ளினிக்கில் உட்காருவேன். அன்று வாசலில் சென்னியப்பனின் ஆம்னி வேன் வந்து நின்றது. அவர்தான் ஓட்டிவந்தார். பின்சீட்டில் கோமதியும், அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு சென்னியப்பன் சம்சாரமும். சென்னியப்பன் மட்டும் இறங்கி உள்ளே வந்து, மருமகளுக்குக் காமாலை மருந்து ஊற்றப் போகிறோம், நீங்கள் கொடுத்த மாத்திரையை நிறுத்தலாமா என்று மரியாதைக்குக் கேட்டார். சங்ககிரி தாண்டிப் பிரிகிற ரோட்டில் ஒரு ஊர். ஞாயிற்றுக்கிழமை காலை, வெறும் வயிற்றில், வெயில் ஏறுமுன் குடிக்க வேண்டும்.

காமாலையா, யார் சொன்னது என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் அதட்டல்கூட இருந்தது. ஊரில் காமாலை சொல்கிற உரிமை எனக்கு மட்டும்தான் என்பதுபோல.

சென்னியப்பன் கோபப்படவில்லை. “வாசலுக்கு வாங்க சாமி” என்றார்.

வந்தேன். வேன் கதவை இழுத்துவிட்டு, கோமதியின் முகத்தை வெயில் பக்கம் திருப்பினார் அவர் சம்சாரம். கழிப்பதற்கு அங்கே சுவர் இல்லை. கண்ணின் வெள்ளை முழுக்க, உரைத்த மஞ்சள்போல் இருந்தது. உதடு காய்ந்திருந்தது. டாக்டர் வந்திருக்கிறார் பாரு என்று சொன்னதும் மெதுவாக என் பக்கம் திரும்பி, அடையாளம் தெரிந்ததா தெரியவில்லையா என்று சொல்ல முடியாமல் பார்த்துவிட்டு, ஓங்கரித்தாள்.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் காமாலை வந்து, கூடவே தூக்கக் கலக்கமும் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் தெரியும். தெரிந்தவன் என்ன செய்தேன்? உள்ளே ஓடினேன். மேஜையில் முட்டிக்கொண்டேன். ஓங்கரிக்கிறாளே என்று அதே வாந்தி ஊசியை இன்னொரு தடவை சிரிஞ்சில் ஏற்றினேன். ஏற்றிய கையோடு, காலேஜில் எங்கள் யூனிட் சீஃபாக இருந்த மேடத்துக்கு ஃபோன் போட்டேன். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால், என்னை எதுக்குடா இதுல இழுக்கறே என்று இந்த வயதிலும் கூப்பிட்டுத் திட்டுவார்.

நான் கோவையில்லாமல் கொட்டியதை முழுக்கக் கேட்டுவிட்டு, முழிப்பாக இருக்கிறாளா என்று மட்டும் கேட்டார். தூக்கக் கலக்கமாக இருக்கிறாள், ஊசியால் இருக்கலாம் என்றேன். எப்போது போட்ட ஊசி என்றார். வெள்ளிக்கிழமை காலை என்றேன்.

“வெள்ளிக்கிழமை போட்டு ஞாயித்துக்கிழமை வரைக்கும் தூங்க வைக்கிற ஊசி எங்கடா விக்குது? எனக்கும் ரெண்டு வாங்கிட்டு வா.”

நான் சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்துக் காற்றை வெளியேற்றினேன்.

“இப்ப கையில என்ன வெச்சிருக்க?”

எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வாந்திக்கு இன்னொரு ஊசி என்று முனகினேன்.

“அதைக் கீழே வை. சுகர் பாரு. அப்புறம் வண்டியில ஏத்தி சேலத்துக்கு அனுப்பு. நடுவுல வேற எந்த வித்தையும் காட்டாதே.” ஒரு கணம் நிறுத்திவிட்டு, “லெட்டர்ல எல்லாத்தையும் எழுது” என்று சொல்லி வைத்துவிட்டார்.

சிரிஞ்சைக் கீழே வைத்தேன். நான் என் தொழிலில் செய்த முதல் நல்ல வைத்தியம் அதுதான் என்று நினைக்கிறேன். காமாலைக்கு ஊசி ஆகாது என்று சென்னியப்பன் சம்சாரம் வேன் வாசலிலேயே சொல்லியிருந்தார். அந்த நம்பிக்கையைக் கேலி செய்து நான் ஹாஸ்டலில் நாடகமே போட்டிருக்கிறேன். ஈரல் இப்படிச் சோர்ந்து ரத்தம் உறையாமல் போகக்கூடிய நேரத்தில் இடுப்பில் குத்துகிற ஊசியும், தூக்க மருந்தும் நிஜமாகவே ஆகாதுதான். அந்த அம்மா சொன்ன காரணம் வேறு. ஆனால் அன்று காலை எங்கள் இருவரில் சரியாகச் சொன்னவர் அவர்.

சுகர் பார்த்தேன். தரையில் கிடந்தது. மருந்துக்காக முந்தின நாளிலிருந்தே வெறும் வயிறு. நரம்பில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்றதும், அதுவும் ஊசிதானே என்று அந்த அம்மா தடுத்தார். இது வெறும் சர்க்கரைத் தண்ணீர், வயிற்றுக்குப் போகாது, பத்தியம் முறியாது என்று சத்தியம் செய்து ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் கோமதி கண் திறந்து தண்ணீர் கேட்டாள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அதுவே வினையாகிவிட்டது. தெளிந்துவிட்டதே, பின்னே எதற்குச் சேலம் என்றார் அம்மா. முதலில் ஒரு வாய் மருந்து ஊற்றிவிடுவோம், பெரிய ஆஸ்பத்திரியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் ஈரல் என்றேன், குழந்தை என்றேன், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்றேன். அந்த அம்மா என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. பாவமாகத்தான் பார்த்தார்.

“ஏனுங்க, இவருக்கு இல்லாத காமாலையக் கண்டுபிடிச்சு எட்டு நாள் மோர்ச்சோறு போட்டீங்க. இவளுக்கு இருந்த காமாலைய இல்லைன்னு சொல்லி அனுப்பிச்சீங்க. இப்ப நீங்க சொல்றத நான் எந்தக் கணக்குலங்க சேர்த்தறது?”

மூன்று மாதமாக நான் செலவழித்தது எதுவென்று அப்போதுதான் புரிந்தது. ஊர் என் பேச்சின்மேல் வைத்திருந்த நம்பிக்கை. தேவைப்பட்ட அன்றைக்குப் பார்த்தால் ஒரு சொட்டும் மிச்சமில்லை.

மருந்து ஊற்றுகிற ஊருக்கும் சேலத்துக்கும் சங்ககிரி தாண்டும் வரைக்கும் ஒரே ரோடு. அந்தப் பிரிவு வரைக்குமாவது கூட வருகிறேன், பாட்டிலைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றேன். கிளம்பும்முன் மேஜையில் நின்றபடியே லெட்டர் எழுதினேன். பெயர், வயது, மாதம், சுகர், கொடுத்த குளுக்கோஸ் எல்லாம் கடகடவென்று வந்தது. பிறகு பேனா நின்றது. ‘வெள்ளிக்கிழமை தூக்கம் வரும் ஊசி போட்டேன், அடுத்த நாள் வந்த மயக்கத்தை ஊசியால் என்று தவறாக நினைத்தேன்’ என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. எழுதினால், அங்கே டியூட்டியில் இருக்கப்போவது என் கூடப் படித்தவனாகக்கூட இருக்கலாம், ஹாஸ்டல் பூராவும் சிரிக்கும். இந்தப் பெண் எப்போதிலிருந்து மயங்குகிறாள், அதில் மருந்தின் பங்கு எவ்வளவு என்று தெரியாமல் அவர்கள் ஒன்றும் முடிவு செய்ய முடியாது என்பதும் எனக்குத் தெரியும். எழுதினேன். என் கையெழுத்து அன்று ஒருநாள்தான் எல்லோருக்கும் புரிகிற மாதிரி இருந்தது. யாருக்கும் புரியக் கூடாது என்று நான் ஆசைப்பட்ட நாளும் அதுதான்.

வேனில் நான் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி பின்பக்கம் முட்டி மடக்கி உட்கார்ந்திருந்தேன். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், மூளைத் தெளிவைச் சோதிக்கிற கேள்விகளைக் கேட்டேன். இன்றைக்கு என்ன கிழமை? ஞாயிறு. எங்கே போகிறோம்? மருந்து குடிக்க. இவர் யார்? மாமா. எல்லாம் சரி. அந்த அம்மா என் பக்கம் திரும்பி, தெளிவாத்தான இருக்குது, பாருங்க என்றார். நான் கேட்ட கேள்விகளாலேயே நான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

பிரிவு வந்தது. சென்னியப்பன் வண்டியை ஓரம் கட்டினார். இடதுபக்கம் திரும்பினால் மருந்து, நேராகப் போனால் சேலம். கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கிவந்து கதவைத் திறந்து, சட்டைப்பையிலிருந்து ஷேடு கார்டை எடுத்தார். சாயக்காரர்கள் எல்லோரிடமும் இருக்கும். ஒரு அட்டையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு துணுக்கு நூலை வரிசையாகக் கட்டி வைத்திருப்பார்கள். அதை வெயிலில் விரித்து அவள் முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

“அம்மிணி, இது என்ன ஷேடு சொல்லு.”

அவர் விரல் இருந்தது ராமர் பச்சையின் மேல். எனக்கே தெரிந்தது.

கோமதி வெகுநேரம் பார்த்தாள். “அரக்குங்க மாமா” என்றாள்.

விரலை மாற்றினார். மயில்கழுத்து. “அரக்கு” என்றாள். மாம்பழ மஞ்சள். “அரக்கு.” பிறகு, யாரோ ரகசியமாக ஏதோ சொன்னதுபோல, தானாகச் சிரித்தாள்.

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சென்னியப்பன் அட்டையை மடித்துப் பையில் வைக்கப் பார்த்தார், இரண்டு தடவையும் அது பைக்குள் போகவில்லை. அன்று அவர் கை நல்ல நீலத்தில் இருந்தது. அந்த நீலக் கையால் அட்டையைச் சீட்டின்மேலேயே வைத்துவிட்டார். அம்மா மருமகளின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “நேராப் போங்க” என்றார், அவ்வளவுதான்.

நேராகப் போனார். அந்த ஆம்னி அதற்கு முன்னும் பின்னும் அந்த வேகத்தில் போயிருக்காது. நான் பாட்டிலைப் பிடித்த கையை மாற்றவே இல்லை. மாற்றலாம் என்று தோன்றவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் லெட்டரை வாங்கிப் படித்த டியூட்டி டாக்டர், அந்த இரண்டு வரியில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். என் வகுப்புக்காரன் இல்லை, எனக்கு ஒரு வருஷம் ஜூனியர், இன்னும் மோசம். கழுவி ஊற்றப்போகிறார் என்று தயாராக நின்றேன். அவர், இதை எழுதாமல் விட்டிருந்தால் இந்த மயக்கத்துக்குக் காரணம் தேடியே எங்களுக்கு அரைநாள் போயிருக்கும் சார் என்றார். சார் என்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெளியே போய் ஆம்புலன்ஸ் நிறுத்துகிற இடத்தில் நின்று கொஞ்சம் அழுதேன். அங்கே ஒரு டிரைவர், பேஷன்ட்டுக்கு நீங்கள் அண்ணனா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மூன்று நாள் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். புருஷன் சோலாப்பூரிலிருந்து வந்து சேர்ந்தான். என் அம்மா அந்தப் பதினோரு பெண்களையும் திரும்பக் கூட்டினார். இந்தத் தடவையாவது நிஜமான காமாலைக்கு ஜெபிக்கிறோமே என்று அவர்களில் ஒருவர் சொன்னாராம். ஐந்தாம் நாள் ஆண்பிள்ளை பிறந்தது, மாசம் முந்தி, ஒரு கை அகலத்தில். அதன்பிறகும் இரண்டு பேருக்கும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிறைய நாள் போனது. கோமதி தெளிந்துவிட்டாள் என்று எனக்குச் சொன்னது டாக்டர்கள் இல்லை. சென்னியப்பன்தான் ஃபோன் போட்டார். ஆஸ்பத்திரிப் போர்வையைப் பார்த்து, இது என்ன இப்படி வெளிறிப்போன சாயம், யார் போட்டது என்று கேட்டாளாம்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான். காமாலைக்கு மருந்து என்ன என்று ஊரே கேட்கும். பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே வந்து தானாகவே போகும். அந்தப் பெருமையை மருந்து ஊற்றுகிறவரும் எடுத்துக்கொள்வார், நாமும் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்வோம். நமக்குச் சம்பந்தப்பட்டது அந்தப் பெரும்பாலானவர்கள் இல்லை. தானாகப் போகாத அந்த ஒருத்தி நம் முன்னால் வந்து உட்காரும்போது அடையாளம் தெரிய வேண்டும். அதற்கு நம் கேள்விகள் மட்டும் போதாது. அவளை நன்றாகத் தெரிந்தவர்கள், ‘இவ இப்படிச் செய்ய மாட்டாளே’ என்று போகிற போக்கில் சொல்வார்கள். நாற்காலியைவிட்டு எழுந்திருக்க வேண்டிய நேரம் அதுதான். சனிக்கிழமை சென்னியப்பன் எனக்கு முழு டயக்னோஸிஸையும் நூல்கண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் மறதி என்று எழுதி மூடி வைத்தேன்.

கூரை ஷீட்டை நானே ஏணி போட்டுக் கழற்றினேன். சுவருக்கு வெள்ளை அடிக்கும்போது எந்த வெள்ளை என்று சென்னியப்பன் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். ஆனாலும் அன்றிலிருந்து என் நோயாளி நாற்காலி வாசலில்தான் கிடக்கிறது. தெருவில் போகிறவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள், பார்க்கட்டும். பெயர் மட்டும் மாறவில்லை. நான் இன்னும் மஞ்ச டாக்டர்தான்.

குழந்தைக்கு நாலு மாதம் ஆனபோது கோமதி அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தையை வாசலில் வைத்து, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, கண், நாக்கு, உள்ளங்கால் எல்லாம் பார்த்தேன். முடித்து நிமிர்ந்தபோது, கொஞ்சம் அப்படியே நில்லுங்க டாக்டருங்க என்றாள். அவள் என் கண்ணைப் பார்த்தாள். சிரிக்காமல், ஒரு சிட்டம் நூலைப் பார்க்கிற மாதிரி, இந்தக் கண்ணும் அந்தக் கண்ணுமாக மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“சலவை வெள்ளைன்னு சொல்ல முடியாதுங்க” என்றாள். “கோராத்தான்.”

தூக்கம் போதாது, நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, அதனால்தான் என்று அவளே காரணமும் சொல்லி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். ஊரிலேயே பெரிய கண் சொன்ன தீர்ப்பு. நான் ஒரு நிமிஷம்தான் உட்கார்ந்திருந்தேன். வாயில் லேசாகக் கசந்தது. வலது விலாவுக்குக் கீழே ஏதோ செய்தது. போர்டைத் திருப்பிப் போட்டுவிட்டுப் பக்கத்துத் தெருவுக்கு நடந்தேன்.

லேப்காரர் என்னைப் பார்த்ததுமே ரப்பரை எடுத்தார்.

“அதே பேஷன்ட்டுங்களா?” என்றார்.

சட்டைக் கையை மடக்கினேன்.